டெக்சாஸில் பார்பிக்யூ சாப்பிடப் போகிறவருக்கு: வரிசை முதல் மிச்சக் கறி வரை

ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன் பக்கம் வேலையாகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ போகிற நம்மவர்களிடம் "அங்கே பார்பிக்யூ சாப்பிட்டுப் பார்" என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மதியம் ஒன்றரை மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பிப் போனால், பெயர்பெற்ற கடைகளில் 'தீர்ந்துவிட்டது' என்ற பலகைதான் வரவேற்கும். கறி இருந்தாலும், மேஜைக்கு வந்து ஆர்டர் எடுக்க யாரும் கிடையாது. கவுண்டருக்குப் பின்னால் நீளக் கத்தியோடு நிற்பவர் "எத்தனை பவுண்டு?" என்று கேட்பார். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டு நிற்க, நமக்கு வாய் வராது.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும். இன்று உங்கள் முன்னால் வெட்டப்படும் கறி நேற்றே அடுப்பில் ஏறியது. பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், புகையில் கிடந்தது. இன்று கூட்டம் அதிகம் என்பதற்காக இன்றே இன்னொரு ஈடு போட முடியாது. காலையிலேயே வரிசை கட்டுவது, மதியத்துக்குள் தீர்ந்து போவது, கண்ணைக் கட்டும் விலை, எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

எதைச் சாப்பிடப் போகிறோம்

நம் ஊரில் பார்பிக்யூ என்றால் மேஜை நடுவே கரியடுப்பு வைத்து, கம்பியில் குத்திய துண்டுகளைச் சுட்டுத் தருவது நினைவுக்கு வரும். அது வேறு வகை. அமெரிக்காவுக்குள்ளேயே இது ஊருக்கு ஊர் மாறும். கரோலினா மாநிலங்களில் பன்றியும் வினிகரும். மெம்பிஸில் பன்றி விலா. கன்சாஸ் சிட்டியில் கெட்டியான இனிப்பு சாஸ். இங்கே நான் சொல்வது ஆஸ்டினையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்த மத்திய டெக்சாஸ் பாணி. அதன் பெருமை மாட்டுக்கறி. மசாலா என்று பார்த்தால் உப்பும் மிளகும்தான். விறகு, அந்தப் பக்கத்துக் காடுகளில் தாராளமாகக் கிடைக்கும் போஸ்ட் ஓக் என்ற ஓக் மர வகை.

19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியர்களும் செக் நாட்டுக்காரர்களும் கறிக்கடை வைத்திருந்தார்கள். குளிர்ப்பெட்டி இல்லாத காலம். அன்று விற்காமல் போன கறியைப் புகையில் வாட்டினார்கள், கழிவுத் துண்டுகளைச் சாசேஜ் ஆக்கினார்கள். பருத்தி எடுக்க வந்த கூலித் தொழிலாளர்கள் அதை எடைபோட்டு வாங்கி, அதே கடை அலமாரியில் இருந்த உப்பு பிஸ்கட்டையும் வெங்காயத்தையும் வெள்ளரி ஊறுகாயையும் சேர்த்து, தாளை விரித்து அங்கேயே சாப்பிட்டார்கள். நெருப்பருகே நின்ற கறுப்பின, மெக்சிகச் சமையல்காரர்களின் கைவண்ணமும் இதில் கலந்தது. அவர்களின் பெயர்கள்தான் கடைப் பலகைகளில் ஏறவில்லை. இன்றும் தட்டுக்குப் பதில் பழுப்புக் காகிதம், சோற்றுக்குப் பதில் இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, தொட்டுக்கொள்ள வெங்காயம், ஊறுகாய் என்று தருவது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

கடையின் அரசன் பிரிஸ்கெட். மாட்டின் நெஞ்சுக்கறி. மாட்டின் எடையை நாள்முழுக்கத் தாங்கும் தசை என்பதால் சவ்வு அதிகம், சாதாரணமாகச் சமைத்தால் பல்லுக்கு வேலை. அதனால்தான் மெதுவாக, 107 முதல் 135 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து அந்தச் சவ்வை ஜெலட்டினாக உருக்குகிறார்கள். பாதி வழியில் ஒரு வேடிக்கை நடக்கும். கறியின் உள்வெப்பம் 65, 70 பாகையை எட்டியதும் மணிக்கணக்கில் மேலே ஏறாமல் நின்றுவிடும். கறியிலிருந்து வெளியேறும் ஈரம் ஆவியாகி, வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பது மாதிரி, அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். பொறுமை இழந்து நெருப்பைக் கூட்டினால் காய்ந்துபோகும். பொறுத்திருந்து 95 பாகை வாக்கில் இறக்கி, ஆறவிட்டு, இளஞ்சூட்டில் வைத்திருந்து விற்பார்கள். இதற்குள் கொழுப்பை அரிந்ததிலும் நீர் வற்றியதிலும் வாங்கிய எடையில் ஏறக்குறையப் பாதி போய்விடும். நீங்கள் பணம் கொடுப்பது வெந்த பிறகான எடைக்கு. பவுண்டு 30 டாலரைச் சுற்றி விலை சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கடையையும் நாளையும் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலானவர்கள் முதலில் கேள்விப்படும் பெயர் ஆஸ்டினின் ஃபிராங்க்ளின் பார்பிக்யூ. 2009-ல் ஒரு டிரெய்லர் வண்டியில் ஆரோன் ஃபிராங்க்ளின் தொடங்கியது. 2011-ல் கிழக்கு 11ஆம் தெருவில் கட்டடத்துக்கு மாறியது. அவர் 2015-ல், அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். கடை திறப்பது காலை 11 மணிக்கு, திங்கள் விடுமுறை, கறி தீரும்வரைதான் வியாபாரம். கறி அருமையாக இருக்கும். அதற்காக ஒரு காலைப்பொழுதை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பொழுது உங்களிடம் இல்லையென்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கும் மிஷ்லின் வழிகாட்டி 2024-ல் முதன்முறையாக டெக்சாஸுக்கு வந்தபோது ஒரு நட்சத்திரம் கொடுத்த பார்பிக்யூ கடைகள் நான்கு: ஆஸ்டினில் லா பார்பிக்யூ, இன்டர்ஸ்டெல்லர், லெராய் அண்ட் லூயிஸ், ஹூஸ்டனுக்கு வடக்கே ஸ்பிரிங் ஊரில் கார்க்ஸ்க்ரூ. ஃபிராங்க்ளின் அந்த நான்கில் இல்லை. முதல் கடைக்கும் ஐந்தாவது கடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பழகிய நாக்கு வேண்டும். முதல்முறை போகிறவருக்கு இரண்டுமே வாயடைத்துப் போகும் அளவுக்கு நன்றாகத்தான் இருக்கும். அதனால் வயதானவர்களோ சின்னப் பிள்ளைகளோ கூட வந்தால், பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் சாலையில் இருக்கும் டெர்ரி பிளாக்ஸ் மாதிரியான கடையைத்தான் நான் சொல்வேன். பெரிய கடை, வரிசை வேகமாக நகரும், இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் திறந்திருக்கும்.

கடையைப் பார்க்கவே போகலாம் என்றால் டெய்லர் ஊரில் 1949 முதல் இருக்கும் லூயி மியுல்லர். பல பத்தாண்டுப் புகை சுவரில் கரிப்பிடித்துப் படிந்திருக்கும். இன்னும் தூரம் போகத் தயார் என்றால் லெக்சிங்டனில் ஸ்னோஸ். சனிக்கிழமை மட்டும், அதுவும் காலை 8 மணிக்குத் திறக்கும் கடை. 1935-ல் பிறந்த டூட்ஸி டோமனெட்ஸ் என்ற பாட்டி, வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை, சனிக்கிழமை விடியும் முன்பே இங்கே அடுப்பு வேலை என்று உழைத்துப் பேர் வாங்கித் தந்த இடம். டெக்சாஸ் மந்த்லி பத்திரிகை 2008-லும் 2017-லும் மாநிலத்திலேயே முதலிடம் கொடுத்தது. காலை எட்டரை மணிக்கு மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சாப்பிட வயிறு ஒத்துழைக்குமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாள் விஷயத்தில் மூன்று கணக்கு. வார நாளில், செவ்வாய் அல்லது புதனில் போனால் கூட்டம் குறைவு, ஆனால் வாரத் தொடக்கத்தில் பல கடைகள் மூடியிருக்கும், கிளம்பும் முன் கடையின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். மார்ச்சில் சவுத் பை சவுத்வெஸ்ட் என்ற இசை, திரைப்பட விழா, அக்டோபரில் ஃபார்முலா ஒன் பந்தயம் என்று ஊர் நிரம்பும் வாரங்களைத் தவிருங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 38 பாகையைத் தாண்டும். வெட்டவெளியில் வரிசை நிற்க நம் ஊர் சித்திரை வெயில் பழக்கம் இருந்தாலும் கஷ்டம்தான்.

சில கடைகளில் இணையத்தில் முன்கூட்டி ஆர்டர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். குறைந்தபட்சம் இத்தனை பவுண்டு என்று விதி இருக்கும், நாட்களும் முன்பே நிரம்பிவிடும். எட்டுப் பத்துப் பேர் கொண்ட குடும்பம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட இதுவே நல்ல வழி. இரண்டு பேருக்கு இது சரிப்படாது.

வரிசையில்

ஃபிராங்க்ளின் மாதிரியான கடை என்றால் திறப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வார இறுதியென்றால் இன்னும் சீக்கிரம். மடக்கு நாற்காலி, தண்ணீர், தொப்பி, போன் சார்ஜர் எடுத்துப் போங்கள். காலையில் ஒரு வாய் ஏதாவது சாப்பிட்டுப் போவது நல்லது. பசியோடு கவுண்டருக்குப் போனால் எல்லாவற்றிலும் ஒரு பவுண்டு என்று வாய் சொல்லிவிடும்.

வரிசை என்றால் தள்ளுமுள்ளு இல்லை. சீட்டாடுவார்கள், சிலர் பீர் குடிப்பார்கள், முன்பின் தெரியாதவர்கள் எந்த ஊர் என்று பேச்சுக் கொடுப்பார்கள். எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள், அரைமணி நேரம் ஓடிவிடும். கடை ஆட்கள் இடையிடையே வந்து யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று விசாரித்து, வரிசையின் எந்த இடம்வரை கறி தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதும் உண்டு. அவர்கள் "சந்தேகம்தான்" என்று சொன்னால் நம்புங்கள், அடுத்த கடைக்கு நகருங்கள்.

ஒருவரை நிற்கவைத்துவிட்டு, கவுண்டரை நெருங்கும்போது குடும்பமே வந்து சேர்வது அங்கே கெட்ட பெயர் வாங்கித் தரும். கழிவறைக்குப் போய்வர, காபி வாங்கிவர மட்டும் முன்னால் பின்னால் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். 2014-ல் அதிபர் ஒபாமா ஃபிராங்க்ளினுக்கு வந்தபோது வரிசையைத் தாண்டி நேரே கவுண்டருக்குப் போனார், பதிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்தார். அந்தச் சலுகை நமக்குக் கிடையாது.

கவுண்டரில்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இது ஓட்டல் கவுண்டர் என்று நினைக்காமல் கறிக்கடை என்று நினைத்துக்கொண்டால் எளிது. எடை சொல்ல வேண்டும், எந்தப் பகுதி என்று சொல்ல வேண்டும், வெட்டும்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு பவுண்டு என்பது 454 கிராம். உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கு அரைப் பவுண்டு கணக்குச் சொல்வார்கள். சோறு இல்லாமல் வெறும் கறியாகச் சாப்பிட்டுப் பழகாத நமக்கு, எல்லா வகையும் சேர்த்து ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு பவுண்டு, அதாவது 150 கிராம், போதும். கால் பவுண்டும் கேட்கலாம். "இரண்டு ஸ்லைஸ்" என்று துண்டுக் கணக்கிலும் கேட்கலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பிரிஸ்கெட் கேட்டதும் "லீனா, மாய்ஸ்டா?" என்று திருப்பிக் கேட்பார். சில கடைகளில் மாய்ஸ்டுக்குப் பதில் ஃபேட்டி என்பார்கள். நெஞ்சுக்கறியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள் உண்டு. அடியில் இருக்கும் தட்டையான பகுதி கொழுப்புக் குறைந்த லீன். மேலே இருக்கும் திரண்ட பகுதி கொழுப்பு ஊடுபாவாக ஓடும் மாய்ஸ்ட். உடம்பைப் பற்றி யோசித்து லீன் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். மாய்ஸ்ட்தான் இந்தச் சமையலின் முழுப் பலன். லீன் எல்லாக் கடையிலும் நன்றாக அமையாது, சுமாரான கடையில் வறண்டு கிடக்கும். ஆனால் கடையின் கைத்திறனை எடைபோட விரும்பினால் லீனிலும் ஒரே ஒரு துண்டு வாங்குங்கள். லீனையே சாறு குறையாமல் தருகிற கடை நல்ல கடை.

வாய்விட்டுச் சொல்ல ஒரு மாதிரி: "ஹாஃப் பவுண்ட் மாய்ஸ்ட், டூ ஸ்லைசஸ் லீன், ஒன் சாசேஜ், ஃபோர் ரிப்ஸ்." அவ்வளவுதான். கறுத்த ஓரத்துத் துண்டு பிடிக்கும் என்றால் அதையும் கேளுங்கள், இருந்தால் வைப்பார். பல கடைகளில் வெட்டுபவரே வரிசையில் அலுத்து வந்தவர்களுக்குக் கத்தி முனையில் ஒரு துண்டு நீட்டுவார். தயங்காமல் வாங்கி வாயில் போடலாம்.

எச்சரிக்கை தேவைப்படுவது மாட்டு விலா எலும்புக்கு. படத்தில் எல்லோரும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது இதைத்தான். ஒற்றை எலும்பே ஒரு பவுண்டைத் தாண்டும், எலும்போடு சேர்த்துத்தான் எடை, 30 டாலரைச் சுலபமாகத் தாண்டும். சுவையில் குறையில்லை, மாய்ஸ்ட் பிரிஸ்கெட்டைவிடக் கொழுமையாக இருக்கும். நாலு பேருக்கு ஒன்று வாங்கிப் பங்கிட்டால் சரி. தனியாள் ஒருவர் வாங்கினால் வேறு எதையும் ருசிக்க வயிற்றில் இடமிருக்காது.

சில கடைகளில் துணை உணவுகள் முதலில் வரும், கறி கடைசியில். பசியில் மக்ரோனி சீஸ், உருளைக்கிழங்கு சாலட், பீன்ஸ் என்று ட்ரேயை நிரப்பிவிட்டுக் கறிக்கு இடமில்லாமல் போகும். நாலு பேருக்கு இரண்டு சின்னக் கிண்ணம் போதும். ரொட்டி, வெங்காயம், ஊறுகாய் பல கடைகளில் இலவசம்.

நாலு பேர் ஓரளவு எல்லாவற்றையும் ருசித்தால் பெயர்பெற்ற கடையில் 100 டாலரை ஒட்டி வரும். மேலே ஆஸ்டினில் 8.25 சதவீத விற்பனை வரி. பணம் கட்டும் திரையில் டிப்ஸ் கேட்கும். கவுண்டரில் வாங்கும் கடைக்கு விருப்பம்போலக் கொடுக்கலாம்.

மாட்டுக்கறியோ பன்றியோ வேண்டாம் என்பவருக்கு

நம்மவர் கூட்டம் ஒன்று போனால் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். மாட்டுக்கறி சாப்பிடாதவருக்கு நல்ல வழி வான்கோழி நெஞ்சுக்கறி. பேருக்கு வைத்திருப்பார்கள் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். நல்ல கடையில் மிளகு தூவி, புகையேற்றி, சாறு சொட்டச் சொட்ட இருக்கும். சில இடங்களில் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களே இரண்டாவது முறை இதைத்தான் வாங்குவார்கள். கோழி சில கடைகளில் உண்டு. பன்றி சாப்பிடுவீர்கள் என்றால் விலாவும் கிழித்த பன்றிக்கறியும் இருக்கவே இருக்கிறது.

சாசேஜில் கவனம். மத்திய டெக்சாஸ் சாசேஜ் பெரும்பாலும் மாட்டுக்கறியில் செய்தது, அல்லது மாடும் பன்றியும் கலந்தது. உள்ளே முழுக்க மாட்டுக்கறியாக இருந்தாலும் மேல்தோல் பன்றிக் குடலாக இருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஹலால் பார்க்கிறவர்கள் வழக்கமான கடைகளில் எதையும் ஊகிக்காமல், ஹலால் என்று தெளிவாகப் போட்டிருக்கும் கடையைத் தேடிப் போவதே நல்லது. எல்லாக் கறியும் ஒரே பலகையில், ஒரே கத்தியில் வெட்டப்படும், ஒரே புகைக்கூண்டில் வெந்தது. தனிக் கத்தி கேட்கலாம், கூட்ட நேரத்தில் கிடைக்கும் என்று உறுதியில்லை. மனது ஒப்பாதவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகாதீர்கள்.

சைவர்களுக்கு நேர்மையாகச் சொல்வதென்றால், இது உங்களுக்கான கடை இல்லை. பீன்ஸ் பார்க்க நம் ராஜ்மா மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் பன்றிக்கறித் துண்டோ பிரிஸ்கெட் துணுக்கோ போட்டு வேகவைத்திருப்பார்கள். உருளைக்கிழங்கு சாலட்டில் முட்டையும் மயோனெய்ஸும் இருக்கும். மிஞ்சுவது மக்ரோனி சீஸ், முட்டைக்கோஸ் சாலட், ரொட்டி, வாழைப்பழ புட்டிங். கேட்டு உறுதிசெய்துகொண்டு இவற்றில் பசியாறலாம். உடையில் ஏறும் புகைவாசனை மட்டும் வீடுவரை கூட வரும்.

காகிதத்தை விரித்த பிறகு

படம் எடுப்பதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பிரிஸ்கெட் ஆறினால் கொழுப்பு உறைந்து பாதிச் சுவை போய்விடும். முதல் வாய் பிரிஸ்கெட்டாக இருக்கட்டும், சாஸ் இல்லாமல், ரொட்டி இல்லாமல், கையால்.

உள்ளே ஓரமாக இளஞ்சிவப்புப் பட்டை தெரியும். வேகவில்லையோ என்று பயப்பட வேண்டாம். விறகுப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியின் நிறப்புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. அழகாக இருக்கும், சுவைக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை. மேலே கருகியது மாதிரி தெரியும் கறுப்புப் பொருக்கை ஒதுக்கிவிடாதீர்கள். உப்பும் மிளகும் கொழுப்பும் புகையும் சேர்ந்து இறுகிய அதுதான் ஒவ்வொரு துண்டிலும் ருசியான இடம். அது கசந்தால், நெருப்பு சரியாக எரியாமல் கெட்ட புகை பிடித்திருக்கிறது என்று பொருள்.

ஒரு லீன் துண்டை விரல்மேல் போடுங்கள். இரண்டு பக்கமும் துணி போல மடிந்து தொங்க வேண்டும். விறைத்து நின்றால் வேக்காடு போதாது. மடிக்கும்போதே உதிர்ந்தால் அளவு மீறி வெந்துவிட்டது. இரண்டு கையால் மெல்ல இழுத்தால் லேசான எதிர்ப்புக் காட்டிப் பிரிய வேண்டும். மாய்ஸ்ட் துண்டின் கொழுப்பு வெண்மையாக ரப்பர் போல இல்லாமல், கண்ணாடி மாதிரித் தெளிந்து வாயில் கரைய வேண்டும். பன்றி விலாவுக்குக் கணக்கு வேறு: கடித்த இடத்தில் பல் பதிந்த தடம் நிற்க வேண்டும், தொட்டதும் எலும்பை விட்டுக் கழன்றால் கூடுதலாக வெந்தது. சாசேஜ் கடிக்கும்போது தோல் 'டப்' என்று உடைய வேண்டும்.

அப்புறம் சாஸ். தக்காளியும் வினிகரும் சேர்ந்த, ஓரளவு தண்ணீரான குழம்பு. பாதி சாப்பிட்ட பிறகு தொட்டுப் பாருங்கள், லீனுக்கும் வான்கோழிக்கும் பொருந்தும். மாய்ஸ்டுக்குத் தேவையே இல்லை என்பது என் கட்சி. காரம் போதவில்லை என்று நம் நாக்கு புலம்பத்தான் செய்யும். பையில் மிளகாய்ப்பொடிப் பொட்டலம் கொண்டுவருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் ஊறவைத்த ஹாலபேனோ மிளகாயைக் கேட்டு வாங்குங்கள். நாலைந்து வாய்க்குப் பிறகு கொழுப்பு திகட்ட ஆரம்பிக்கும். அதற்குத்தான் பச்சை வெங்காயமும் ஊறுகாயும். ஒரு துண்டு கறி, ஒரு வளையம் வெங்காயம், இடையிடையே கொஞ்சம் ரொட்டி என்று போனால் கடைசித் துண்டுவரை ருசி குறையாது.

லாக்ஹார்ட்டுக்கு ஒரு நாள்

கார் இருந்தால், ஒரே கடையில் மூன்று மணி நேரம் நிற்பதைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆஸ்டினுக்குத் தெற்கே 50 கிலோமீட்டர் அளவில் இருக்கும் சின்ன ஊர். டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகர் என்று மாநிலச் சட்டமன்றமே 1999-ல் தீர்மானம் போட்டது. ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே மூன்று பழைய கடைகள்.

அவற்றில் இரண்டின் கதை நம் ஊர்ச் சொத்துத் தகராறுக்குச் சளைத்ததில்லை. 1900-ல் தொடங்கியது க்ரைட்ஸ் மார்க்கெட். பின்னாளில் அதை வாங்கிய ஷ்மிட் குடும்பத்தின் அப்பா வியாபாரத்தை மகன்களுக்கு விற்றார், அவர் போனபின் கட்டடம் மகளுக்கு வந்தது. வாடகையில் மனக்கசப்பு. 1999-ல் மகன்களில் ஒருவர் வேறொரு பெரிய கட்டடம் கட்டிக்கொண்டு கிளம்பினார். பழைய அடுப்பின் கங்குகளைத் தொட்டியில் போட்டுச் சாலையில் இழுத்துப்போய்ப் புது அடுப்பை மூட்டினார்கள். பெயர் அவரோடு போனது. பழைய கட்டடத்தில் மகள் ஸ்மிட்டீஸ் என்ற கடையைத் திறந்தார். மூன்றாவது, 1932-லிருந்து ஒரே குடும்பம் நடத்தும் பிளாக்ஸ்.

ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்கள். முதலில் ஸ்மிட்டீஸ். பின்வாசல் வழியாகப் போனால் தரையிலேயே எரியும் நெருப்புக்கு ஓரமாக நடந்துதான் கவுண்டருக்குப் போக வேண்டும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சாசேஜ். கறி வாங்குவது ஓர் அறையில், துணை உணவும் பானமும் இன்னோர் அறையில். அடுத்து பிளாக்ஸில் பங்கிட்டுக்கொள்ள மாட்டு விலா ஒன்று. கடைசியில் க்ரைட்ஸ்: சாஸ் கிடையாது, முள்கரண்டி கிடையாது என்று பல பத்தாண்டுகள் வீம்பாக நின்ற கடை, சமீப காலத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. காலை 11 மணிக்குத் தொடங்கினால் 2 மணிக்குள் மூன்றையும் முடிக்கலாம்.

திரும்பும்போது 130ஆம் எண் சுங்கச்சாலையின் ஒரு பகுதியில் மணிக்கு 85 மைல், அதாவது 137 கிலோமீட்டர் வேகம்வரை அனுமதி, அமெரிக்காவிலேயே அதிகம். பார்பிக்யூ தின்ற வயிற்றோடு கண் சொருகும் நேரம் அது. ஓட்டுபவர் ஒருவர் மட்டும் குறைவாகச் சாப்பிடட்டும், அல்லது 183ஆம் எண் சாலையில் மெதுவாக வாருங்கள்.

மிச்சத்தை என்ன செய்வது

மிச்சம் நிச்சயம் இருக்கும். காகிதமும் டப்பாவும் கடையிலேயே தருவார்கள். வெயிலில் நிற்கும் காரில் கறியை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயில் என்றால் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். மூன்று நான்கு நாள் தாங்கும்.

வீட்டுக்கென்றே வாங்குவதானால் வெட்டாத துண்டாகக் கேளுங்கள், சாறு உள்ளேயே நிற்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பராகிவிடும். அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி இட்லிப் பானையில் ஆவியில் வைப்பதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. லீன் மிஞ்சினால் பொடியாகக் கொத்தி, வெங்காயம் பச்சைமிளகாயோடு வதக்கி முட்டையில் பிரட்டினால் மறுநாள் காலைச் சாப்பாடு ஆயிற்று. உப்பு மட்டும் போட வேண்டாம், கறியிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

அமெரிக்காவுக்குள் விமானத்தில் கொண்டுபோகத் தடையில்லை. கறி பரவாயில்லை, சாஸ் புட்டிதான் திரவக் கணக்கில் மாட்டும். இந்தியாவுக்கு எடுத்துவரலாம் என்று நினைக்க வேண்டாம், மாட்டுக்கறி இறக்குமதிக்கு இங்கே தடை. கடையின் உப்பு மிளகுக் கலவை டப்பாவில் விற்கும், அதைக் கொண்டுவரலாம்.